ஐயோ அக்காவும் நான் குடித்த தேத்தண்ணியும்

பிள்ளைகளே, அந்தக் காலத்து மெல்பேர்னில் ஓடிய அத்தனை டிராமுக்கும், குரைத்த அத்தனை நாய்க்கும், மணியடித்த அத்தனை தொலைபேசிக்கும் பயந்த ஒரே மனுசி எங்கள் ஐயோ அக்காதான். அவவை மிஞ்சிய பயந்தாங்கொள்ளியை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

உண்மைப் பெயர் வேறு. வாயைத் திறந்தாலே 'ஐயோ' என்றுதான் தொடங்குவா என்பதால் எங்கள் தமிழ் ஆட்கள் வைத்த பெயர் இது. பிறகு வெள்ளைக்காரரும் 'சிஸ்டர் ஐயோ' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இருவருக்கும் ஒரே ஆசுபத்திரியில் வேலை. அவ வார்ட்டில் தாதி. எட்டாம் வகுப்போடு நின்ற நான் கீழே சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை அவிக்கிறவன். நோபல் பார்க்கிலிருந்து ஒரே ரயிலில் வருவோம். ஆசுபத்திரி லிஃப்டில் அக்கா கால் வைக்கமாட்டா. ஐந்து மாடியும் படிதான்.

"ஐயோ தம்பி, கயிறு அறுந்தால்?"

"அது கயிறில்லை அக்கா, இரும்புக் கம்பி."

"ஐயோ, கம்பி அறுந்தால்?"

இப்படிப்பட்ட அக்கா, ஒப்பரேசன் தியேட்டரில் மயக்க மருந்து டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் தாதிகளுக்கான படிப்புக்கு விண்ணப்பித்தா என்றதும் எனக்கே பயம் பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கு ஏன் அக்கா இந்த வேலை?"

"ஐயோ தம்பி, இந்த நாட்டுக்கு வந்த புதுசில எனக்கும் ஒருக்கா மயக்கம் தந்தவை. சுத்தி நிண்டவை எல்லாரும் முகத்தை மூடியிருந்தவை. என்ன நடக்குது எண்டு சொல்ல தலைமாட்டில ஒருத்தரும் இல்லை. அந்த இடத்தில ஒரு பயந்த ஆள் நிக்கவேணும். பயப்பிடாத ஆளுக்கு என்ன விளங்கும்?"

வகுப்பில் எட்டுப் பேர். வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர்: அக்கா, ஒரு கிரேக்கப் பெண், மலேசியாவிலிருந்து வந்த ஒரு சீனப் பெண். இந்த மூவருக்கும் இது சரிப்படாது என்பது படிப்பித்த பெரிய சிஸ்டரின் முடிவு. 'இந்த அறையில் ஆங்கிலம் மட்டும்' என்று கரும்பலகையில் எழுதிவைத்திருந்தா. ஐயோ அக்காவோ ஒக்சிசன் சிலிண்டரை மூன்று தரம் திறந்து பார்ப்பா. "ஐயோ, காத்து இருக்கு. ஐயோ, குழாய் சரி. ஐயோ, எதுக்கும் இன்னொருக்கா." ஒவ்வொரு ஐயோவுக்கும் பெரிய சிஸ்டரின் முகம் ஒரு சுற்றுச் சிவக்கும். கடைசியில் சொல்லிவிட்டா: "செய்முறைச் சோதனை அன்று உன் பாஷையில் ஒரு சொல் கேட்டாலும் நீ வார்ட்டுக்குத் திரும்பிப் போகலாம்."

அந்தச் சோதனைக்கு அகப்பட்ட நோயாளி யார் தெரியுமா? நான்தான். தூக்கக்கூடாத மூட்டையைத் தூக்கி ஹேர்ணியா, அதுதான் குடலிறக்கம், வந்திருந்தது.

முதல்நாளே வார்ட்டில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த நாள் விடிய எழும்பினால் ஒரே பயம். மெல்லக் கீழே இறங்கி எங்கள் சலவைப் பகுதிக்குப் போனேன். கேத்திலில் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தெம்பு வந்ததும் திரும்பி வந்து நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டேன்.

தியேட்டரில் என் நெஞ்சுக்கு நேரே பெரிய விளக்கு. றப்பர் மணம். எங்கோ இரும்புச் சாமான்கள் கிணுங்கின. பெரிய சிஸ்டர் படிவத்தைப் பார்த்து, இன்று ஏதும் சாப்பிட்டாயா, குடித்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டா. இருந்த பயத்தில் அவ எதைக் கேட்டிருந்தாலும் 'நோ' என்றுதான் சொல்லியிருப்பேன். பேனையால் ஒரு சரி போட்டா.

என் தலைமாட்டில் ஐயோ அக்கா நின்றா. சிலிண்டரைப் பார்த்தா, குழாயைப் பார்த்தா. வாய் மட்டும் திறக்கவில்லை. பிள்ளைகளே, விளக்குக்கோ ஊசிக்கோகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ஐயோ சொல்லாத ஐயோ அக்காவைக் கண்டுதான் என் கைகால் குளிர்ந்தது.

"அக்கா, ஒரு ஐயோவாவது சொல்லுங்கோவன்" என்று முனகினேன்.

அவ குனிந்தா. கண் என் மீசையில் நின்றது. நிமிர்ந்து பெரிய சிஸ்டரைப் பார்த்தா. திரும்ப மீசையைப் பார்த்தா. டொக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயோ தம்பி! மீசையில என்ன தூள்? விடிய என்ன சாப்பிட்டனீர்?"

"ஆங்கிலம்!" என்றா பெரிய சிஸ்டர்.

"ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா."

"சோறு?"

"இல்லை."

"பாண்?"

"இல்லை."

"தேத்தண்ணி?"

"ஓம், அது குடிச்சனான். தேத்தண்ணி சாப்பாடே?"

"பாலோடயோ?"

"பால் விடாமல் என்னண்டு அக்கா குடிக்கிறது?"

"பிஸ்கட்?"

"ரெண்டு. நனைச்சுத்தான் சாப்பிட்டனான், கரைஞ்சிருக்கும்."

"ஸ்டொப்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் டொக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். ஆளே முடிந்துபோகலாம். நானோ சோறு தின்றால்தான் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவன்.

ஒப்பரேசன் நின்றது. என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கா தாழ்வாரத்தில் நின்று அழுதா. "ஐயோ தம்பி, தமிழ் கதைச்சுப்போட்டன். என்ர படிப்புப் போச்சு." எனக்கு இரண்டு பிஸ்கட்டால் ஒரு மனுசியின் படிப்பையே தின்றுவிட்டேனே என்றிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை அக்காதான் பிறகு சொன்னா. பெரிய சிஸ்டர் வந்தா. கரும்பலகையில் இருந்த அந்த வசனத்தைத் தன் கையாலேயே அழித்தா. "சரி போட்டது நான். கண்டுபிடித்தது இவ" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக எழுப்பி, உங்கள் வீட்டில் எதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று கேட்டா. கிரேக்கப் பெண் கோப்பி என்றா. சீனப் பெண் சூப் என்றா. பண்ணையில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எழும்பி, "எங்கள் அப்பாவுக்கு பியர்" என்றாளாம். எல்லாவற்றையும் எழுதி, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக்கி, முதல் ஆளாக ஐயோ அக்காவிடம் கொடுத்தா. அக்காவின் படிப்புப் போகவில்லை.

அடுத்த கிழமை என்னைத் திரும்பவும் அதே விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள். வாயில் பச்சைத் தண்ணிகூடப் படவில்லை. பயம் மட்டும் குறையவில்லை. "ஐயோ தம்பி, நான் நிக்கிறன்" என்று அக்கா என் கையைப் பிடித்தா. என் கையைவிட அவவின் கைதான் கூடுதலாக நடுங்கியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.