பதின்மூன்றாவது அட்டை

உலகத்தில் ஒருத்தரும் கேட்காத ஒரு கேள்விக்காக ஒரு மனிதர் ஒன்பது வருசம் காத்திருந்தார் என்று சொன்னால், எங்கோ மலைக்குகைக்குள் இருந்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், என் கடைக்கு மேல்மாடியில், சாரம் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. நம்பர் சேர் என்றால் சைக்கிளில் போகிறவனும் இறங்கி வழி காட்டுவான்.

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரனின் தண்ணீர் மோட்டர் எரிந்தால், பண்டத்தரிப்பில் இருந்தும் பருத்தித்துறையில் இருந்தும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். இந்தத் தொழிலை நான் எவரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. எரிந்த மோட்டர் ஒன்றை வாங்கி, செப்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எண்ணி, அதே எண்ணிக்கையில் புதுக்கம்பி சுற்றினேன். ஓடியது. அன்றிலிருந்து மாடிவீடு கட்டும்வரை வாய் திறந்து ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இதைச் சொல்லாத கலியாண வீடு எனக்கு இல்லை.

அப்படிப்பட்ட எனக்கு வாடகைக்கு வந்து வாய்த்தவர் கேள்விகளிலேயே குடியிருந்த மனிதர். தெற்குப் பக்கம் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் கம்பஸ் பிள்ளைகள் நாலைந்து பேரை மேலே வைத்துக்கொண்டு குவாண்டம் மின்னியக்கவியல் என்று ஒன்றை இலவசமாகப் படிப்பித்தார். வெளிச்சமும், கம்பிக்குள் கறண்டாக ஓடுகிற இலத்திரனும் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்கிற படிப்பாம் அது. வெளிச்சத்தின் சின்னத் துணிக்கைக்குப் பெயர் போட்டோன். இவ்வளவும் நான் கீழே கம்பி சுற்றிக்கொண்டு காதால் பொறுக்கியது.

ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் கேள்விகள் புதிதில்லை. அதே பன்னிரண்டு கேள்விகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் கேட்பார்கள். சேர் அவற்றை ஒவ்வொன்றாக அட்டையில் எழுதி, நம்பர் போட்டு, சுவரில் சணல் கட்டிக் கொழுவிவிட்டார். அட்டை எங்கே கிடைத்தது? என் மகளின் கலியாண அழைப்பிதழ். ஆயிரம் அடித்தேன், முந்நூறு மிஞ்சியது. ஒரு பக்கத்தில் தங்க எழுத்தில் என் பெயர், மறுபக்கத்தில் இலத்திரன். படித்தவர்களின் வகுப்பில் பன்னிரண்டு தரம் தொங்கிய பெயர் என்னுடையது.

வகுப்பு இப்படிப் போகும். ஒரு பெடியன் கையை உயர்த்துவான்.

"சேர், ரெண்டு இலத்திரன் போட்டோனைப் பந்து மாதிரி எறிஞ்சு பிடிக்கிறதாலை ஒண்டையொண்டு தள்ளுது எண்டு சொல்லுறியள். சரி. ஆனா பிளஸும் மைனஸும் இழுபடுதே? பந்தெறிஞ்சு ஆளை எப்பிடிச் சேர் இழுக்கிறது?"

"நாலு!" என்பார் சேர், லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி.

பெடியன் திரும்பிப் பார்த்தால் நாலாம் அட்டையில் அவன் கேட்டது அப்படியே எழுதியிருக்கும்.

"தம்பி, பந்து எண்டது விளங்கப்படுத்த நாங்கள் கட்டின கதை. அந்தப் பந்தை ஒருத்தரும் காணேல்லை. கணக்கிலை ஒரு அடையாளம் மாறினால் தள்ளுறது இழுக்கிறதாகும். பந்தை விட்டிட்டுக் கணக்கைப் பிடி."

இந்த நம்பர் வியாதி வகுப்போடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். வீட்டுக் கேள்விகளுக்கும் தனி நம்பர் வந்தது. என் மனைவி இடியப்பம் கொண்டுபோய், "சாப்பிட்டாச்சோ, சேர்?" என்றால் "வீடு, ஒண்டு" என்பார். "ஏன் கலியாணம் கட்டேல்லை?" என்பது வீடு, இரண்டு.

"இஞ்சருங்கோ, உந்த மனிசனுக்கு ஒருக்கா கோயில்லை திருநீறு போடுவிப்பம்," என்று மனைவி என் காதைக் கடித்தாள்.

ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற மனுசி, "நேற்று வாங்கினது நல்லாயிருந்ததோ, ஐயா?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறாள். இவர் பழக்கத்தில் "மூண்டு" என்றிருக்கிறார். அவள் மூன்று கிலோ நிறுத்துப் பையில் போட்டுவிட்டாள். ஒரு கிழமை எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வெள்ளைக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ச் சம்பல்.

போன வருசம் தை மாதம் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிற சேரின் தங்கச்சி அவருக்கு விசாப் பேப்பர்கள் அனுப்பினாள், தன்னோடு வந்து இருக்கச்சொல்லி. சேர் கீழே இறங்கி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"முதலாளி, பங்குனி முடியிறதுக்குள்ளை பதின்மூண்டாவது கேள்வி ஒண்டு வகுப்பிலை வராட்டி நான் வெளிக்கிடுறன்."

"ஏன், பன்னிரண்டு போதாதோ?"

"ஒன்பது வருசமா அதே பன்னிரண்டு. அப்ப நான் ஒரு பிள்ளையையும் புதுசா யோசிக்க வைக்கேல்லை எண்டுதானே? சொன்னதைச் சொல்லுறதுக்கு நான் என்னத்துக்கு? அட்டையே போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த, கரும்பலகையில் எழுதுகிற வெள்ளைக்கட்டியை நுணுக்கித் தூளாக்கிவிட்டார். மனிதருக்குப் போக விருப்பமில்லை என்று அந்தத் தூளைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போங்கோ சேர். மேல்மாடியைக் கேட்டுப் பல் டொக்டர் ஒருத்தர் நடையா நடக்கிறார்" என்றேன். என்னைப் போன்றவர்களுக்கு வாயில் வேறு ஒன்றும் வராது.

அடுத்த நாளே கேள்வி தேடத் தொடங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளால் முடியாததை நான் செய்து காட்டுகிறேன் என்று நினைத்தேன். என் சீவியத்தில் முதல்தரம் படியேறிப் போய் ஒரு மனிதரிடம் கேள்வி கேட்டேன்.

"சேர், சுத்தின கம்பிக் கொயிலுக்குள்ளை கறண்டு ஓடினால் பக்கத்துக் கொயில் தொடாமலே உசும்புது. நடுவிலை என்ன போகுது? போறது உண்மையோ, இல்லாட்டிச் சும்மா கணக்குக்கோ?"

சேர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார்.

"மூண்டு," என்றார்.

ஏமாற்றம்தான். ஆனாலும் பாருங்கள், கம்பஸ் பிள்ளைகள் கேட்கிற மூன்றாம் நம்பரை எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன் தன் மூளையால் போய்த் தொட்டிருக்கிறான். அன்று கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். "இலத்திரன் மற்றதைத் தள்ளுது, சரி. தன்னைத் தானே தள்ளாதோ?"

"முதலாளி!" என்று சேர் எழும்பிவிட்டார். வந்துவிட்டது என்று நினைத்தேன். "அருமையான கேள்வி. ஏழு!"

ஏழாம் நம்பர் பொல்லாதது. இலத்திரன் தன் தள்ளலைத் தானே வாங்குவதைக் கணக்கில் போட்டால் விடை முடிவிலி என்று வருமாம். அதிலிருந்து வேறொரு முடிவிலியைக் கழித்துவிட்டுச் சரியான விடை எடுக்கிறார்களாம். இது கள்ளக் கணக்கில்லையா என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி. "வெறும் இலத்திரனை நாங்கள் ஒருக்காலும் காணேல்லை" என்பார் சேர். "மந்திரி வந்தால் பரிவாரத்தோடைதான் வருவார். எங்களாலை அளக்க ஏலுமானது பரிவாரத்தோடை சேர்ந்த மந்திரியைத்தான். அளந்ததை வைச்சுக் கணக்குப் பார், முடிவிலி விலகியிடும்."

கடைசியில் எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நன்றாக யோசித்து, "போட்டோனுக்குப் பசிக்குமோ?" என்று கேட்டார். சேர் வெறும் அட்டை ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, "உதுக்குச் சைபர்" என்றார்.

பங்குனியும் வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சனிக்கிழமைகளில் மேலே கரும்பலகைச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிள்ளைகளின் சத்தம் இல்லை. ஓடுகிற மோட்டர் உறுமவேண்டும். உறுமாமல் சூடாகிறது என்றால் உள்ளே எங்கோ பிழை. அன்று வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே துசிகா படியிறங்கி வந்தாள். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

"என்ன பிள்ளை, பஸ்ஸுக்கு நேரமாச்சோ?"

"இல்லை அங்கிள். இனி நான் வரேல்லை."

"ஏன், விளங்கேல்லையோ?"

"விளங்காட்டிக் கேக்கலாம்தானே. கேட்டால் நம்பர் வருது. நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் யோசிச்சதை சேர் 'ஒன்பது' எண்டுறார். சுவரிலை முதலே எழுதிக் கிடக்கு. எங்களுக்கு வாறதெல்லாம் பழசு எண்டால் என்னத்துக்கு வாயைத் திறப்பான்? ஒருத்தரும் இப்ப கேக்கிறேல்லை அங்கிள்."

எனக்கு ஏறியது கோபம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன்.

"சேர்! புதுக்கேள்வி வரேல்லை, வரேல்லை எண்டு கனடாவுக்கு வெளிக்கிடுறியள். நம்பரைப் போட்டுப் போட்டுப் பிள்ளையளின்ரை வாயை அடைச்சது ஆர்?"

சேர் வெள்ளைக்கட்டியைக் கீழே வைத்தார்.

"முதலாளி, நான் நம்பர் போட்டது வெக்கப்படாமல் கேக்கட்டும் எண்டு," என்றார் மெதுவாக. "உமக்கு முன்னம் எத்தினையோ பேர் இதைத்தான் கேட்டவை, நீர் மொக்கு இல்லை எண்டு சொல்லத்தான்."

"எங்களுக்கு அப்பிடிக் கேக்கேல்லை, சேர்," என்றாள் துசிகா. சுவரில் தொங்கிய அட்டைகளைக் காட்டினாள். "சேர், ஒண்டு கேக்கட்டோ? எங்கடை வயசிலை நீங்கள் முதல் கேட்டது எத்தினையாம் நம்பர்?"

சேர் சுவருக்குப் போனார். ஒவ்வோர் அட்டையாகத் தொட்டுக்கொண்டே போய் ஏழில் நின்றார்.

"இது. கேட்டன். படிப்பிச்சவர் சிரிச்சார். பிறகு வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. அதுக்குப் பிறகு படிச்சு முடியும்மட்டும் நான் ஒண்டும் கேக்கேல்லை. மற்றப் பதினொண்டும் எனக்குள்ளையும் கிடந்ததுதான். நீங்கள் ஒவ்வொருத்தரா வந்து கேட்கக் கேட்கத்தான் நான் அதுகளை வெளியிலை எடுத்தனான்."

"இப்ப ஏழுக்குப் பதில் தெரியுமோ, சேர்?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு பெடியன் கேட்டான்.

"கணக்குத் தெரியும். அளந்து பார்த்தால் விடை நூலிழை பிசகாமல் பொருந்துது. ஆனா மந்திரியைத் தனியக் காணாமலே கணக்கை முடிக்கேக்கை எனக்கு இப்பவும் கொஞ்சம் கள்ளக் கணக்கு மாதிரித்தான் கிடக்கும்."

முதலில் துசிகாதான் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சேரும் சேர்ந்து. அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அது அடங்குவதற்குள் மூன்று கைகள் உயர்ந்தன.

சேர் என் அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, "நீங்கள் முதல் கேட்டது எது?" என்று எழுதிப் பதின்மூன்றாவதாகக் கொழுவினார். "உது பௌதிகக் கேள்வியோ, சேர்?" என்று பெடியன் இழுத்தான். "படிப்பிக்கிறவனிட்டை ஒன்பது வருசமா ஒருத்தரும் கேக்காத கேள்வி" என்றார் சேர். பிறகு பேனையை எடுத்துப் பன்னிரண்டு அட்டைகளிலும் நம்பரை மட்டும் வெட்டினார். கேள்விகளை வெட்டவில்லை.

தங்கச்சிக்கு, வெயில் காலத்தில் ஒரு மாதம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். பல் டொக்டர் உண்மையிலேயே ஒருநாள் வந்தார். மேலே விசர் பிடித்தது ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு இடத்தை விட்டு எழும்பாது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போதெல்லாம் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு கோப்பை பிளேன்ரியோடு மேலே போகிறேன். "பந்தெறிஞ்சு ஆளை எப்பிடிச் சேர் இழுக்கிறது?" என்று கேட்பேன். அவர் நம்பர் சொல்வதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இன்றைக்குத்தான் அந்தக் கேள்வி பிறந்த மாதிரி, முதலிலிருந்து தொடங்குவார். பதில் எனக்கு மனப்பாடம்.

பந்தெறிந்து ஆளை இழுக்க முடியாது என்று அவர் ஒவ்வொரு நாளும் எனக்கு விளங்கப்படுத்துகிறார். நான் ஒவ்வொரு நாளும் படியேறிப் போகிறேன்.