தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

"8 மார்ச் 1988, செவ்வாய். ஒரு சிறு பிழை. கம்ப்யூட்டரின் பின்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்கும் என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். திருத்திவிட்டேன்."

மனித குலத்தின் மகத்தான முடிவுகள் யாவும் இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் உருவாகின்றன. ஜஹாங்கீரின் நோட்டில் தலைப்பு சிவப்பு மையில், விவரம் நீல மையில், சந்தேகம் பென்சிலில். பென்சில்தான் சீக்கிரம் தீரும். அந்தச் செவ்வாய்க்கும் கீழே பென்சிலில் சில வரிகள் இருந்தன. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

பகலில் அவன் தாராவியில் மாமாவின் தோல் பட்டறையில் தைத்த பைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனி லேபிள் ஒட்டுவான். மாலையில் மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் வகுப்பு. நாற்பது பேருக்கு இரண்டு மெஷின். மற்றவர்கள் அட்டையில் அச்சடித்த கீபோர்டில் விரல் பழக வேண்டும். அட்டை பழுதாவதே இல்லை என்பது அந்த வகுப்பின் தனிப்பெருமை. ஞாயிறு பதின்மூன்றாம் தேதி செம்பூரில் ஓர் ஆபீஸில் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வு. தேறினால் நாற்காலி, இல்லையென்றால் லேபிள். அட்டையை நம்பி மருமகன் தேர்வுக்குப் போவதைப் பொறுக்காத மாமா ஷாகுல் ஹமீது, வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று அறிவித்தார்.

கம்பெனி மெஷினா, பாகம் பாகமாக வாங்கிக் கோத்ததா? ஜஹாங்கீர் பதினெட்டுப் பக்க "ஒப்பீட்டு அறிக்கை" சமர்ப்பித்தான். முடிவுரை: "இரண்டிலும் நன்மை உண்டு. நான் தவறாகவும் இருக்கலாம்."

முந்தைய ஞாயிறன்று "குழு" கூடியது: மாமா, மாமி மதீனா பீவி, லேமிங்டன் ரோட்டில் மெஷின் கோக்கும் உதுமான்.

"கம்பெனி மால்னா பக்கா, மாமா. கேரண்டி உண்டு" என்று ஜஹாங்கீர் தொடங்கினான்.

"ஏல, கம்பெனி மால்னா என்னன்னு எனக்கா சொல்லுத? இத்தாலி கம்பெனி பைக்கு நேத்து லேபிள் ஒட்டுனது யாருல?"

"நாந்தான் மாமா."

"பொறவு?"

ஜஹாங்கீர் பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டித் தேடினான்.

"அப்போ நான் கோத்துத் தாரேன் முதலாளி" என்றான் உதுமான்.

"அது சரிடே. பேரில்லாத டப்பாவ ஹால்ல வச்சா எவன் மதிப்பான்?"

மாமி சிரித்தாள். "அப்பம் உதுமான் கோக்கட்டும், நீங்க அதுக்கொரு தோல் சட்டை தைங்க. லேபிள் ஒட்டத்தான் வீட்லயே ஆளு இருக்கே!"

மாமி கேலியாகச் சொன்னதைக் குழு ஏகமனதாக நிறைவேற்றியது.

செவ்வாயன்று மெஷினை வைத்துவிட்டு உதுமான் போனான். மாமா அதைச் சுற்றி வந்தார். "இதென்னல கீத்துக் கீத்தா ஓட்டை? தாராவித் தூசி பூரா உள்ள போவுமே!" உயர்ந்த ஆட்டுத்தோல், இரட்டைத் தையல். ஒரு கீற்றுக்கூட மிஞ்சவில்லை. சட்டை முடியும்வரை மெஷினைப் போடக்கூடாது என்று உத்தரவு. ஜஹாங்கீர் மூன்று முறை வாயைத் திறந்தான். மாமா ஊசியோடு சிரித்தார். மூன்று முறையும் மூடிக்கொண்டான். நிஜ மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து நான்கு நாள் அட்டையில் பழகினான். இத்தகைய அடக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்?

சனிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து திறப்பு விழா. சட்டையின் நெற்றியில் தங்க எழுத்தில் இத்தாலி லேபிள். அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து ஆளுக்கொரு எழுத்தை அழுத்தினார்கள். அரை மணி நேரம் கழித்து ஜஹாங்கீரின் முறை. ஒரே ஓர் எழுத்தை அழுத்தினான். திரை இருண்டது. தோல் கருகும் வாசனை எழுந்தது.

ஆள் போய் உதுமானைக் கூட்டிவந்தார்கள். அவன் தையலைக் கிழித்துப் பார்த்துக் கத்தினான். "யா அல்லாஹ்! விசிறிய மூடித் தச்ச மடையன் யாரு?"

மாமா தொண்டையைச் செருமினார். "தோலு மெல்லிசு. அதான் சூடு தாங்கல. வேற மெஷின் வாங்கி டபுள் லெதர் போட்டுருவோம்."

புகையை விசிற மாமி கையில் அகப்பட்ட நோட்டை எடுத்திருந்தாள். பென்சில் வரிகள் அவள் கண்ணில் பட்டன. உரக்கப் படித்தாள்:

"'மாமா விசிறியை மூடித் தைக்கிறார். மெஷின் எரிந்துவிடும். சொல்லவில்லை. மாமா சந்தோஷமாக இருக்கிறார். நான் தவறாகவும் இருக்கலாம்.'"

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"கையெளுத்து முத்து முத்தா இருக்கு, மருமவனே. வாயி மட்டும் என்ன, அட்டையில அச்சடிச்சதா, ஏல?"

அன்றைய குறிப்பில் பென்சிலே இல்லை. முழுவதும் நீல மை:

"12 மார்ச், சனி. நாளை காலை பத்து மணிக்குச் செம்பூரில் தேர்வு. ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புமுன் மாமாவிடம் டபுள் லெதர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்."