அக்னி மூலையில் அணு உலை

கடற்படையே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் கப்பலுக்கு வரைபடத்தை முடித்துவிட்ட ஒரே மனிதர் திருப்போரூரில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. பிளான்காரர் என்றால் பஸ் ஸ்டாண்டில் வழி சொல்வார்கள். வீடுகளுக்கு பிளான் வரைவது தொழில்.

எனக்கும் அவரால் ஒரு வீடு ஆகவேண்டியிருந்தது. நாங்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். முழங்கால் தேய்ந்த என் மனைவி தெருவில் இறங்கி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அரை கிரவுண்டு மனை தயார், பிளான்தான் வரவில்லை. ஏழு முறை போனேன். ஏழு முறையும் மேஜைமேல் கப்பல்தான்.

“அணுசக்தில ஓட்ற கப்பலாம் சார், மேல ஃப்ளைட்டு எறங்குமாம். டிவில சொன்னான். இன்னும் பிளானே போடலியாம்!”

“உங்கள யாராவது போடச் சொன்னாங்களா?”

“கேக்கும்போது கைல இல்லன்னா அசிங்கமாய்டும்ல?”

குனிந்து பார்த்தேன். கப்பலுக்குள்ளேயே முப்பதடி ரோடு, பூஜை அறை, இரண்டு பார்க். தென்கிழக்கில் ஒரு சிவப்புக் கட்டம்.

“இது என்ன?”

“அணு உலை. நெருப்பாச்சே சார், அக்னி மூலைலதான் வெக்கணும்.”

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். “கப்பல் திரும்பினா மூலையும் மாறிடுமே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் முகம் செத்துவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனவர், மூன்று நாள் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். என் வீடு என் வாயாலேயே போயிற்று என்று படிகளை எண்ணியபடி ஏறி இறங்கினேன். சில வேளை ஐம்பத்தைந்து வந்தது.

நான்காம் நாள் அவரே மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“முடிச்சிட்டேன் சார்! கப்பலு எப்பவும் கிழக்க பாத்துகினேதான் கீது. மேற்க போவணும்னா ரிவர்ஸு.”

“வடக்கே போகணும்னா?”

“சைடு வாங்கினு போவும்.”

“மொதல்ல அவர உக்காரச் சொல்லுங்க,” என்று என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவர் தண்ணீரை வாங்க மறந்து அவள் கால்களையே பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து, அவளை மறுபடி நடக்கச் சொல்லி, ஒரு தப்படிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு போனார்.

மறுநாளே பிளான் வந்தது. வாசலிலிருந்து கொல்லைவரை ஒரு படி இல்லை, நிலைப்படிகூட இல்லை. சமையலறை அக்னி மூலையை விட்டு, படுக்கையறைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குழம்பிப்போனேன்.

“என்னங்க, சாஸ்திரம் என்ன ஆச்சு?”

“அங்க வெச்சா அம்மாக்கு பதினோரு தப்படி சார். இங்க நாலுதான்.”

புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது. கடற்படை இன்னும் அவரைக் கூப்பிடவில்லை. எப்போதாவது இந்தப் பக்கம் வருவார். அவர் குரல் கேட்டால் கதவைத் திறக்க என்னை விடுவதில்லை. என் மனைவியே எழுந்து போகிறாள்.