காலிக் கிண்ணத்து நடுவர்

போட்டி நடுவர் என்றொரு பிறவி உண்டு, வாசகரே. எங்கள் வட கொரியாவில் அது நன்றாகவே கொழுக்கும். நாக்கைப் பூட்டி வைத்துவிட்டுக் கண்ணால் ருசி பார்க்கும். அந்தக் கண்ணும் கிண்ணத்தை விட்டுவிட்டுச் செயலாளரின் புருவத்தைப் பார்க்கும். புருவம் கிடைக்காவிட்டால் சுவரில் எழுதியதைப் பார்க்கும். தீர்ப்பா? அது கடைசியில்தான் வரும்.

எங்கள் மாகாணச் சமையல் போட்டியின் நடுவர் பியோன் அப்படிப்பட்டவர். போன வருடம் ஜலதோஷத்தோடு வந்த கட்சிச் செயலாளர், சூப்பில் மிதக்கும் குளிர் நூடுல்ஸைச் சுவைத்துவிட்டு, "உப்பு பத்தலையே" என்று முனகினார். அவ்வளவுதான். மறுநாளே அது கட்சி வாசகமாகி, சிவப்பு எழுத்தில் நகரத்துச் சமையற்கூடச் சுவர்களிலெல்லாம் ஏறிவிட்டது.

இந்த வருடம் எல்லாரும் உப்பை அள்ளிக் கொட்டினார்கள். ஓக்-பூன் மட்டும் கொட்டவில்லை. அவள் சுரங்க ஊர் உணவுக்கூடத்துச் சமையல்காரி. அந்த வாசகம் அங்கே போய்ச் சேரவில்லை. முதல் பரிசு வாங்கினால் நகரத்துக்கு மாற்றல். அவள் புருஷனும் மகளும் இருப்பது அந்த நகரத்தில்தான்.

மற்றக் கிண்ணங்களில் பியோனின் நாக்கு வெந்தது. "ஆஹா!" என்றார். ஓக்-பூனின் கிண்ணத்தில் தன்னை மறந்தார். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். பிறகு சுவரிலிருந்த சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது.

"உப்பில் கட்சி உணர்வு போதாது. கடைசி இடம்!"

தாமதமாக வந்த செயலாளர், முதல் பரிசு பெற்ற சூப்பை ஒரு வாய் குடித்ததும் துப்பினார்.

"எவன்யா இதுக்குப் பரிசு குடுத்தது?"

நீங்கள் சொன்னதுதானே என்று சொல்ல முடியுமா? பியோன் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். "அதிக உப்புங்கிற தப்பான போக்கை எல்லாருக்கும் காட்டத்தான் தோழரே, முன்னால நிறுத்தினேன்!"

"சரி, கடைசியா வந்தது எது? அதைக் கொண்டா."

வந்தது காலிக் கிண்ணம். கழுவி வைத்ததுபோல் மின்னியது.

"மட்டம்னு சொன்னதை நக்கித் தின்னது யாரு?"

"நான்தான் தோழரே! அந்த மட்டமான சாப்பாடு மத்த தோழர்கள் வாயில படக்கூடாதுன்னு..."

செயலாளர் கண் கலங்கினார். "இதுதான்யா தியாகம்!"

கூடம் அதிரக் கைதட்டல். ஓக்-பூனும் தட்டினாள், தட்டாமல் இருக்க முடியுமா? தட்டிய கையோடு சுரங்க ஊர் லாரியில் ஏறினாள். வெட்கக்கேடு!

பியோனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் மேலதிகாரி ஜோக் அடித்தபோது, சிரிப்பு வந்து சிரித்தீர்களா, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்களா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் உதட்டோரம் ஒட்டியிருக்கும் சூப்பைத் துடைத்துக்கொள்ளுங்கள்.