ராஜாவைச் சாக விடாத ஒன்ஸ்மோர்

செத்துப்போன மனிதனை எழுப்பி உட்காரவைத்துப் பாடச் சொல்லும் அதிகாரம் இந்தச் சென்னையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எமனுக்கு உறவில்லை. மயிலாப்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் என் அறைத்தோழராக இருந்தார். அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஒன்ஸ்மோர். ஒருமுறை அவருடைய அப்பா ஊரிலிருந்து தேடி வந்து, நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்து அலைந்து, கடைசியில் "நாடகம் படிக்கிறானே, அந்தக் கிறுக்கன்" என்ற பிறகுதான் வழி காட்டினார்கள்.

நான் அப்போது ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓங்கோலில் ஓட்டல், நடுவில் கொஞ்ச நாள் ரயில்வே பிளாட்பாரம் என்று சுற்றியாகிவிட்டது. எந்த ஊரிலும் அதிகம் தங்கினால் கால் அரிக்கும். அந்த மில் மாடியில் மட்டும் எப்படியோ தங்கிவிட்டேன். கீழே மில் ஓடினால் மேலே சாப்பாட்டுத் தட்டு நகரும். மெட்ரோவுக்குத் தோண்டும் இயந்திரமும் சேர்ந்துகொண்டால் தட்டு கீழே விழும். தலை, புருவம், தலையணை எல்லாவற்றிலும் மாவு. "மேக்கப் செலவு மிச்சம்" என்பார் ஒன்ஸ்மோர்.

இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் நாடகம், சினிமா, இசை நாடகம் இவற்றின் நவீன வரலாற்றைப் படிக்க வந்தவர் அவர். விழுப்புரத்தில் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. ஒரு பாடத்தில் தவறினாலும் திரும்பி வந்து கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அப்பா போட்ட நிபந்தனை. ஒன்ஸ்மோருக்கு ஆணி, நட்டு, போல்ட்டு என்றாலே முகம் கோணும்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு கேள்வி. அந்தக் காலத்து இசை நாடகத்தில் பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்களாம். நடிகர் மறுபடி பாடியே தீரவேண்டும். பாடி முடித்துச் செத்துப்போன ராஜாவாக இருந்தாலும் எழுந்து, இன்னொரு தரம் பாடி, இன்னொரு தரம் சாக வேண்டும்.

"கேட்டாங்க, பாடினாங்கன்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. எப்ப நிறுத்தினாங்கன்னு ஒருத்தரும் எழுதலை. கேட்டுக்கிட்டே இருந்தா அந்த ராஜா எப்பதான்யா சாவாரு?" என்று கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? ஆனால் மறுநாள் நாலாவது மாடிக்குக் கேன் தூக்கிக்கொண்டு ஏறும்போது எனக்கும் அதே யோசனை. அந்த ராஜா எப்போதுதான் சாவார்?

விடை தேடி அவர் செய்யாத காரியம் இல்லை. தி.நகரில் ஒரு தியேட்டரில் கதாநாயகனின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" என்றார். திரை கேட்கவில்லை. டார்ச் வைத்திருந்தவர் கேட்டார். வெளியே தள்ளப்பட்ட பிறகும் அவருக்கு மகிழ்ச்சிதான். "பாத்தியா, சினிமாவுல செத்தவன் செத்தவன்தான். நம்ம பேச்சு எடுபடாது. இதுதான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று பாண்டி பஜார் முழுக்க விளக்கிக்கொண்டே வந்தார். மெஸ்ஸில் ரசத்துக்கு ஒன்ஸ்மோர் சொன்னார். பரிமாறுகிறவர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். அந்த மனிதர் சுளிக்கவே இல்லை. ஒன்ஸ்மோருக்கு வயிறு போனதுதான் கண்ட பலன்.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ஆளுக்கு ஒரு பழைய நாடகக் காட்சியை நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் திரைச்சீலைக்கும் விளக்குக்கும் அலைந்தார்கள். ஒன்ஸ்மோர் பார்வையாளர்களுக்கு அலைந்தார். கூடப் படிக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை வைத்து இந்த வரலாற்றைக் காட்ட முடியாது என்பது அவர் கட்சி. மாவு மில் முதலாளி பாயையும், மில்லில் அரிசி டப்பாவோடு வரிசையில் நின்றிருந்த பெண்களையும் இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "பாட்டு நல்லா இருந்தா கூச்சப்படாம கேளுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாதே.

ராஜா வேடம் எனக்கு. "நீ வேலை முடிஞ்சு வந்தா பொணம் மாதிரிதானே படுப்ப, அதுவே போதும்" என்றார். ராணி வேடம் அவருக்கு. அந்தக் காலத்தில் ஆண்கள்தான் பெண் வேடம் கட்டுவார்கள் என்று மீசையை எடுத்துவிட்டார். நான் நாலு வரி பாடிவிட்டுச் சாக வேண்டும். ராணி ஒப்பாரி வைத்து, கடைசியில் மங்களம் பாட வேண்டும். மங்களம் பாடினால்தான் மதிப்பெண், ஒரு மணிக்கு அதே ஹாலில் வேறு கூட்டம் நடத்த ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் முடிக்காவிட்டால் தவறியதாகத்தான் கணக்கு என்று பேராசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நான் பாடினேன். செத்தேன். பாய் எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" என்றார். அரிசி டப்பாப் பெண்கள் கோரஸாகக் கத்தினார்கள். ராணியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். நான் எழுந்தேன், பாடினேன், செத்தேன். மறுபடி கத்தினார்கள். போகப்போகக் கூடப் படித்தவர்களும் சேர்ந்துகொண்டு, போனில் படம் பிடித்துக்கொண்டே கத்தினார்கள். எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை. எண்ணக்கூடிய நிலையில் பிணம் இருக்கவில்லை. தொண்டை கட்டி, காலில் குரக்குவலி பிடித்திருந்தது.

ராணி என் மார்பில் விழுந்து அழுகிற சாக்கில் காதருகே கேட்டார்: "மணி என்ன இருக்கும்?"

"கண்ணை மூடிக்கினு கீறேன், எனக்கு எப்படி நைனா தெரியும்? இந்த வாட்டி நான் எழுந்திரிக்கல. நீ மங்களத்தைப் பாடி முடி."

"கேட்டா எழுந்துதான் ஆகணும். அதான் வழக்கம்."

"ஃபெயிலாயிடுவ."

"ஆனா ஆவறேன். எழுந்திரு."

அவருக்கு ஹார்டுவேர் கடை கண்ணெதிரே நின்றிருக்கும். ஆனாலும் வழக்கத்தை மீற மனம் வரவில்லை. நான் கையை ஊன்றி எழுந்தேன். கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில், மில் வரிசையிலிருந்து எங்களோடு வந்திருந்த சாந்தோம் குப்பத்து மீன்காரம்மா எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாவம்யா அது. எத்தினி வாட்டிதான் சாவும்? வுடுங்கய்யா, நிம்மதியா போவட்டும்."

பாய் உட்கார்ந்தார். போன்கள் இறங்கின. நான் மெல்லச் சாய்ந்து படுத்தேன். ராணி ஒரு நிமிடம் அந்த அம்மாவையே பார்த்தபடி நின்றார். பிறகு ஒப்பாரி வைத்தார். அது நான் ஒத்திகையில் கேட்ட குரல் இல்லை. மீன்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நடுவில் ஒரு மணிக் கூட்டத்துக்காரர்கள் வெளியே கதவைத் தட்டினார்கள். பேராசிரியை எழுந்து போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார், மங்களம் முடிகிற வரைக்கும்.

"அவங்க அப்படி நிறுத்துவாங்கன்னு உங்க கட்டுரையில இல்லையே?" என்று பிறகு பேராசிரியை கேட்டார்.

"இப்பதான் மேடம் தெரிஞ்சுது. பாவமா தோணினா அவங்களே விட்டுடறாங்க."

தேறிவிட்டார். மதிப்பெண் மட்டும் மட்டம். கத்தக்கத்த மார்க் ஏறும் என்று நினைத்திருந்த பாய்க்கு அது ரொம்ப நாள் மனக்குறை.

படிப்பு முடிந்து, தெற்கே ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் கோயில் குளத்துக்கருகே பஸ் ஏற்றிவிடப் போனேன். எனக்கு ஊர் விட்டுப் போய்ப் பழக்கம் உண்டு, ஒருவரை அனுப்பிப் பழக்கமில்லை. அவர் ஏறி உட்கார்ந்ததும் "ஒன்ஸ்மோர்" என்றேன்.

பெட்டியோடு இறங்கினார். என்னிடம் வந்து முதலிலிருந்து விடைபெற்றார். மறுபடி ஏறினார்.

"இன்னா சார், ஏறிக்கினு எறங்கிக்கினு வெளாடுறியா?" என்றார் கண்டக்டர்.

விசில் கொடுத்தும் வண்டி நகரவில்லை, முன்னால் ஓர் ஆட்டோ மறித்திருந்தது. ஒன்ஸ்மோர் ஜன்னலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கை பெட்டியின் பிடியில். இன்னொரு முறை கேட்டால் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது.

பாவம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.