எட்டுச் சீட்டு

மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கத்துத் திருகு லூசாகிவிட்டது என்று மாமனார் கடைக்கு வந்தார். சனிக்கிழமை காலை. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, இது உங்க பொறுப்பு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் தொறந்து, குலுக்கி, ஒண்ணு எடுக்குறோம். வர்ற பேருதான் என் பேத்திக்கு."

கண்ணாடிக் கடைக்காரர் டப்பாவை வாங்கி மேசையில் வைத்தார். புல், பூ, மலை, மழை என்று இயற்கையிலிருந்து எடுத்த பேராக இருக்க வேண்டும், அர்த்தமும் சொல்ல வேண்டும் என்பது அவர் மனைவி போட்ட சட்டம். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு சீட்டு. கடைக்காரர் இரண்டிலும் 'புல்லினி' என்றே எழுதிக் கொடுத்திருந்தார். புல்வெளி போல இனியவள்.

"புல்லுன்னு பேரு வச்சா மாடுதான் பின்னாடி வரும்," என்றார் மாமனார். அவருக்கு 'மலையரசி'.

"ரெண்டே முக்கால் கிலோ குழந்தைக்கு மலை எதுக்கு மாமா?"

"வளருமில்ல? புல்லு வளர்ந்தா வெட்டிருவாங்க. மலையை யாரு வெட்டுவா?"

"இப்பல்லாம் அதையும்தான் வெட்டுறாங்க."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். சட்டைப் பையில் வழக்கம்போல் பச்சை மைப் பேனா கசிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்கு யாரு ஜெயிச்சாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் போனதும் கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டில் இரண்டு, தோற்பதற்கென்றே போட்ட கணக்கு. டேப்பைப் பதமாக உரித்தார். மடித்த சீட்டுகள். படித்தால் மனசு மாறிவிடும் என்று படிக்காமலே குப்பைக்கூடையில் கொட்டினார். புதிதாக எட்டுச் சீட்டு வெட்டி, எட்டிலும் 'புல்லினி' எழுதினார். டேப்பை மறுபடி ஒட்டி நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்த மாமனார் எழுந்திருக்கவில்லை.

மூன்று வாரம் யாரும் பேரைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் மனைவி சொன்னாள்: "குலுக்கல் வேணாங்க. அப்பா கைப்பட எழுதின சீட்டு அதுல இருக்கும். அந்தப் பேரையே வச்சிரலாம். டப்பாவை எடுத்துட்டு வாங்க."

குப்பை என்றைக்கோ போய்விட்டது.

"டப்பாவா? கடை பீரோவுல இருக்கு. சாவியைத்தான் காணோம்."

மத்தியானம் மாமியார் பூட்டு ரிப்பேர்காரரோடு வந்து நின்றார். "உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே கூட்டிட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை."

சட்டைப் பையில் சாவி குத்திக்கொண்டிருக்க, நல்ல பூட்டு ஒன்று உடைவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பீரோவில் டப்பா இல்லை. இருக்காது, அது மேசை இழுப்பறையில் இருந்தது.

"எங்கேயோ மாத்தி வச்சிருக்கேன் அத்தை. சாயந்திரம் கொண்டு வந்துர்றேன்."

மனைவி கையெழுத்திலும் மாமியார் கையெழுத்திலும் சீட்டு எழுதி அவர்களையே ஏமாற்ற முடியாது. அதனால் எட்டுச் சீட்டையும் டப்பாவோடு குழாயடியில் பிடித்துக் கூழாக்கினார். பச்சை மைப் பேனா ஒன்று வாங்கினார். கடையின் வாடிக்கையாளர் அட்டையில் மாமனார் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

'பு' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இப்போது என்ன பேர் எழுதினாலும் அதுதான் பேர், கேட்க ஆளில்லை. ஆனால் இனிக் கேட்க முடியாத மனிதரிடம் அப்படி ஜெயிக்க மனசு வரவில்லை. வேறு காகிதம் எடுத்து 'மலையரசி' என்று எழுதி, டப்பாவில் போட்டார்.

"குழாய் ஒழுகியிருக்கு போல," என்றார் வீட்டில்.

மாமியார் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "எல்லாம் கஞ்சியா இருக்கு. இது மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே?"

"மாமா எதையும் அழுத்தித்தான எழுதுவாரு."

"எழுத்து அழுத்தம் சரி. காகிதம் எப்படி மாப்பிள்ளை காஞ்சது?"

அதற்குள் மனைவி அழத் தொடங்கியதால் விசாரணை நின்றது. "அப்பா எழுத்தேதாம்மா. பச்சை மை." குழந்தையின் காதருகே குனிந்து "மலையரசி" என்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. மறுவாரம் பிறப்புப் பதிவு ஆபீஸில் பேரைப் பதிந்தார்கள்.

அதற்கடுத்த திங்களன்று, கடை கூட்டும் அக்கா வேலைக்குத் திரும்பினார். மாமனார் கடைக்கு வந்த அந்தச் சனிக்கிழமை மாலை மகள் வீட்டுக்குப் போனவர், இப்போதுதான் வருகிறார். இழுப்பறையைத் துடைக்கும்போது பழைய கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"பெரியவரோடதுதான? திருகு இன்னும் ஆடுதே தம்பி."

"இருக்கட்டும்கா. அப்படியே வைங்க."

அக்கா வைத்தார். "பாப்பாவுக்கு என்ன பேரு வச்சீங்க?"

"மலையரசி. மாமா ஆசைப்பட்ட பேரு."

அக்காவின் கைத்துணி நின்றது.

"அப்படியா? நான் ஊருக்குப் போன அன்னிக்கு உங்க குப்பைக்கூடையில எட்டுச் சீட்டு கிடந்துச்சு தம்பி. எட்டும் பச்சை மை. எட்டுலயும் புல்லினின்னுதான எழுதியிருந்தாரு?"