அந்தோணியார் கீழத்தெருவுக்கு இறங்கிய கதை

ஒரு காட்டில் வனத்து அந்தோணியார் கோயில் ஒன்று இருந்தது. கட்டியது கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளை நாரை. அதன் ஊர்க் குளிர் தாங்காமல் வந்தது என்று சிலர் சொல்வார்கள், வேதம் சொல்ல வந்தேன் என்று நாரை சொல்லும். இரண்டுமே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. வந்த நாரை சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டியது, ஆஸ்பத்திரி கட்டியது. "ஆண்டவர் முன்னால் கொம்பு உள்ளவரும் ஒன்றுதான், கொம்பு இல்லாதவரும் ஒன்றுதான்" என்று மரத்துக்கு மரம் போய்ச் சொன்னது.

இதைக் கேட்டு முதலில் ஓடிவந்து ஞானஸ்நானம் வாங்கியவர்கள் கழுதைகள். அதுவரை அவர்களை யாரும் "ஏய்" என்பதைத் தாண்டி வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடுகள் தலையை ஆட்டிவிட்டு அசைபோட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் நாரையிடம் படித்த கழுதை ஒருத்தர் தாலுகா ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் மாடுகளுக்கும் விசுவாசம் பொங்கிக்கொண்டு வந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாரை ஏதோ சொல்ல வாயெடுத்தது, ஆனால் அதன் ஊரில் வெயில் காலம் வந்துவிட்டதால் பறந்துபோய்விட்டது.

கோயில் மேட்டில் இருந்தது. அதைச் சுற்றி மேலத்தெரு, அதில் மாடுகள். சரிவில் இறங்கினால் கீழத்தெரு, அதில் கழுதைகள். வருஷா வருஷம் திருவிழாவுக்கு அந்தோணியார் சப்பரத்தில் வருவார். சப்பரத்தைத் தூக்குவது கழுதைகள்தான். மேலத்தெருவைச் சுற்றிவிட்டு, கீழத்தெரு முக்கில் கொஞ்ச நேரம் நின்று, அப்படியே கோயிலுக்குத் திரும்பிவிடும். ஏன் கீழே இறங்காது என்று கேட்டால், வழக்கம் என்பார்கள்.

கீழத்தெருவில் சவேரியம்மாள் என்று ஒரு கழுதை இருந்தாள். அவள் மகன் இன்னாசிக்கு ஒரு தரம் காய்ச்சல் வந்து, நாரை கட்டிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். "அந்தோணியாரே, பிள்ளை எழுந்திரிச்சான்னா, நீரு என் வாசலுக்கு வரும்போது உப்பும் மிளகும் போடுறேன்" என்று நேர்ந்துகொண்டாள். இன்னாசி எழுந்தான், முதல் வேலையாக ஊசி போட்ட நர்ஸை உதைத்தான். பிள்ளை தேறிவிட்டான், சப்பரம் வாசலுக்கு வராததால் நேர்ச்சைதான் பாக்கி நின்றது. அவன் ஒரு தும்மல் போட்டால் போதும், கொடுத்த வாக்கை அந்தோணியார் ஞாபகப்படுத்துகிறார் என்று பயந்து சாவாள்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் காளை ராயப்பன். அவரிடம் போனாள்.

"ஐயா, தூக்குறது எங்க ஆளுங்கதானே. முக்குல இருந்து ஒரு எட்டு இறங்கி ஏறிரலாம்லா."

"முக்குல வந்து நின்னு போட்டுட்டுப் போயேன்மா."

"நேர்ந்தது என் வாசல்லய்யா."

"எனக்கென்ன, இறக்கலாம். கரண்டுக் கம்பி தாழ்வா கிடக்கே. சாமி தலையில தட்டுனா பாவம் யாருக்கு?"

கழுதைகள் மின்சார ஆபீஸ் வரிசையில் போய் நின்றார்கள். அங்கே அதிகாரி ஆமை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கம்பியைப் பார்ப்பதற்குள் ஒரு திருவிழா முடிந்துவிட்டது. ஆனாலும் கம்பி உயர்ந்தது.

"கம்பி சரி. பாதை குண்டும் குழியுமா இருக்கே" என்றார் ராயப்பன்.

கழுதைகளுக்கு மண் சுமக்கச் சொல்லியா தர வேண்டும். சரிவு முழுக்கச் சரள் கொட்டி, மிதித்து, சிமெண்டு பூசி, சோறு போட்டுச் சாப்பிடலாம் போல வழவழவென்று ஆக்கிவிட்டார்கள்.

"பாதை சரி. தெரு குறுகலா இருக்கே."

ஆளாளுக்கு வீட்டு முன்சுவரை இடித்தார்கள். சவேரியம்மாள் அடுப்படியையே இடித்துவிட்டு வெட்டவெளியில் சமைத்தாள். மழை பெய்தால் ரசம் தானாகவே நீர்த்துப்போகும்.

கமிட்டிக்குக் காரணம் தீர்ந்துபோயிற்று. சவேரியம்மாள் பங்குச்சாமியிடமும் போய் நின்றாள். பங்குச்சாமி ஆந்தை. பகலில் அவருக்குக் கண் தெரியாது, மாற்றல் உத்தரவு வரும்வரை தெரியவும் வேண்டாம் என்றிருந்தார்.

"எங்களுக்குப் படிச்சுக் குடுத்ததே கோயில்தான் சாமி. பாலன் பிறந்த குடில்ல யாரு நின்னா? எருசலேமுக்குள்ள ஆண்டவர் யாரு முதுகுல ஏறிப் போனாரு?"

"அதெல்லாம் வேதாகமத்துலம்மா. இது கமிட்டியில" என்றார் ஆந்தை, கண்ணைத் திறக்காமலே. "நான் ஜெபிச்சிக்கிறேன்."

ராயப்பன் யோசித்தார். அசைபோட்டு யோசித்தார். யோசித்ததில் அவருக்கே கண்கலங்கும்படி ஒரு இரக்கம் வந்தது. "பாவம் கழுதைகள், எத்தனை காலம்தான் தூக்குவார்கள்? முதுகு வலிக்காதா?" என்று கமிட்டியில் பேசி, சப்பரத்துக்கு ஒரு பேட்டரி வண்டி வாங்கினார். வழி சொல்ல அதில் ஒரு கிளியையும் உட்காரவைத்தார்கள். இனிமேல் தூக்க ஆளும் வேண்டாம், தூக்கிய உரிமையில் கேட்க ஆளும் இல்லை.

திருவிழா வந்தது. கரடிகள் பேண்டு வாசிக்க, வண்டி மேலத்தெருவைச் சுற்றியது. "அடுத்து இடப்புறம் திரும்பவும்" என்றது கிளி. கீழத்தெரு முக்கில் வழக்கம்போல வண்டி நின்றது. கீழே தன் வாசலில் சவேரியம்மாள் உப்பும் மிளகும் கையுமாக நின்றிருந்தாள். இந்த வருஷமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் நின்றாள்.

கோயிலுக்குத் திரும்பும்போது முன்சக்கரம் சரிவைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், வண்டி நழுவியது.

"பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி" என்று ராயப்பன் பாய்ந்தார். கொம்பு சீரியல் பல்பில் சிக்கிக்கொள்ள, அவரும் வண்டியோடு இழுபட்டார். "தவறான பாதையில் செல்கிறீர்கள்" என்றது கிளி. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் கரடிகள் வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். மறிக்க ஒரு கம்பி இல்லை, ஒரு குழி இல்லை, ஒரு சுவர் இல்லை. வழவழவென்று வந்த அந்தோணியார் சவேரியம்மாளின் இடிந்த அடுப்படியில் ஏறி, ரசச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"வந்துட்டீரா" என்றாள் அவள். இரண்டு கையாலும் உப்பையும் மிளகையும் அள்ளி வீசினாள். பாதி அந்தோணியார் மேல் விழுந்தது, மீதி ராயப்பன் கண்ணில். அவள் வயிற்றில் இத்தனை வருஷம் கிடந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

மேலத்தெரு மொத்தமும் முக்கில் நின்று பார்த்தது. வண்டியை வாங்கியது ராயப்பன். அது ஓட்டை வண்டி என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? மிளகு எரிச்சலில் அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. அதைப் பார்த்த பசு ஒருத்தி, "ராயப்பனே அழுறாரே" என்று மண்டியிட்டாள். அவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார்.

"புதுமை, பெரிய அற்புதம்" என்றார், மூக்கை உறிஞ்சியபடி. "சாமி தானா இறங்கி வந்திருக்காரு."

ஆந்தை முதல் தடவையாகப் பகலில் கண்ணைத் திறந்து, "ஆமென்" என்றார்.

அப்புறம் கேட்க வேண்டுமா. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் கூட்டம். டோக்கன், வரிசை, விஐபி வரிசை, செல்பி எடுக்கத் தனி வரிசை. அடுப்படி இருந்த இடத்தில் பெரிய கோயில் எழும்பியது. ஒரு நாள் கமிட்டி கீழத்தெருவுக்கு வந்து, "இது இப்போ புண்ணிய பூமி. இதுல நீங்க குடியிருந்து அசுத்தம் பண்ணலாமா? பட்டா இருக்கா?" என்று கேட்டது. கழுதைகளிடம் பட்டா ஏது. மாடுகள் கீழத்தெருவில் குடியேறினார்கள். காலியான மேலத்தெருத் தொழுவங்களைப் பெரிய மனசு பண்ணிக் கழுதைகளுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த திருவிழாவில் சப்பரம் புதுக்கோயிலிலிருந்து கிளம்பியது, கீழத்தெருவைச் சுற்றியது, முக்கில் கொஞ்ச நேரம் நின்றது, திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் கழுதை ஒருத்திக்கு இப்போது நேர்ச்சை இருந்தது. பேண்டு ஓய்வதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு சவேரியம்மாள் ராயப்பனிடம் போனாள்.

"எனக்கென்னம்மா, வரலாம்" என்றார் அவர். "மேடா இருக்கே. வண்டி ஏறாதே."

"நாங்க தூக்குறோம்யா."

"சேச்சே, பாவம். உங்களுக்கு முதுகு வலிக்கும்லா."

சவேரியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுதையின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது மேலத்தெரு வரைக்கும் கேட்டது, கரடிகள் அதையும் சேர்த்து வாசித்தார்கள்.

நீதி: சாமி உங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்று தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் வீட்டுக்குப் பட்டா வாங்கிவிடுங்கள்.